அப்பாவின் டயாலிசிஸ் நோட்டு

டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அப்பா ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறார். தேதி, போகும்போது எடை, வரும்போது எடை, எடுத்த நீர், பிரஷர் என்று ஐந்து கட்டங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தபால் நிலையத்தில் கணக்கு எழுதிய கை என்பதால், எண்கள் அச்சடித்ததுபோல் இருக்கும். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, 61.4-இலிருந்து 58.9-ஐக் கழித்து 3.5 என்று எழுதியிருந்தார். சேமிப்புப் புத்தகங்களின் வட்டியை மனக்கணக்காகவே போட்டவர் அவர். அந்த ஒரு கழித்தலில் ஒரு கிலோ தவறியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது. அம்மாவிடம் காட்டினேன். “வயசாயிடுச்சு, விடு” என்றார். நானும் விட்டுவிட்டேன். அதற்கடுத்த வாரம் போகும்போது எடையையும் வரும்போது எடையையும் கட்டம் மாற்றி எழுதியிருந்தார். அதையும் டயாலிசிஸ் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் வலது கை தட்டிலேயே நின்றுவிட்டது. பேச்சு குழறியது. மருத்துவமனையின் வாசலை அடைவதற்குள் இரண்டும் சரியாகிவிட்டன. இருந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். புதிய அடைப்பு ஏதும் இல்லை என்று அறிக்கை சொன்னது. ஆனால் அதற்குக் கீழே இருந்த வரிகளைத்தான் நான் இன்றுவரை திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். மூளையின் ஆழத்தில் இடப்பக்கம் இரண்டும் வலப்பக்கம் ஒன்றுமாகப் பயறளவிலான பழைய அடைப்புகள் இருந்தன, மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் ஓடும் வெண்பொருளில் திட்டுத்திட்டாகச் சிதைவு இருந்தது, இரத்தம் கசிந்து நின்ற ஊசிமுனைப் புள்ளிகள் ஐந்தாறு இருந்தன. நரம்பியல் மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, “இது நேத்து வந்தது இல்லம்மா, பல வருஷமா நடந்திருக்கு. அப்பாவோட கிட்னில நடந்ததேதான் இங்கேயும் நடந்திருக்கு” என்றார்.

நான் பள்ளியில் விலங்கியல் கற்பிப்பவள். சிறுநீரகத்தை ஒரு பாடமாகவும் மூளையை வேறொரு பாடமாகவும் இருபது ஆண்டுகளாக நடத்தி வந்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியம்கூடச் சொன்னதில்லை. அந்த மருத்துவர் சொன்ன ஒற்றை வரியைப் புரிந்துகொள்ளத்தான் இந்த ஓராண்டாகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். டயாலிசிஸ் பிரிவின் காத்திருப்பு நாற்காலிகளில் என்னைப்போல் உட்கார்ந்திருக்கும் பலருக்கும் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம்தான் இருக்கும். ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குப் போகிறது. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளைக்கு ஏறத்தாழ 15 விழுக்காடு போகிறது. தசையிலும் தோலிலும் உள்ள சிறு தமனிகள் இறுகியிருந்து, தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்பவை. இவ்விரு உறுப்புகளிலோ வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. இரவும் பகலும் நில்லாமல் இரத்தம் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஆகவே பெரிய தமனியில் எழும் அழுத்த அலை, மற்ற உறுப்புகளில் வழியிலேயே அடங்கிவிடுவதுபோல் இங்கே அடங்காமல், மெல்லிய நுண்குழாய்கள் வரை உள்ளே போய்விடுகிறது.

டெல்டாக்காரர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து கன்னி வாய்க்கால் என்று பிரிந்து வரும் நீர் வயலுக்குள் நுழையும்போது அதன் வேகம் தணிந்திருக்கும். ஆற்றங்கரையை ஒட்டி, மதகு வழியாக நேரடியாகத் தண்ணீர் வாங்கும் வயலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வறட்சியில் முதல் தண்ணீர் அதற்குத்தான் கிடைக்கும். வெள்ளத்தில் முதலில் வரப்பு உடைவதும் அதற்குத்தான். மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகளுக்கும் தாலமசுக்கும் மூளைத்தண்டுக்கும் இரத்தம் கொண்டுபோகும் தமனிகள் இப்படித்தான், மயிரிழை போன்றவையாக இருந்தும் அடிமூளையின் பெருந்தமனிகளிலிருந்து நேரடியாகக் கிளைக்கின்றன. சிறுநீரகத்தின் உட்பகுதியை ஒட்டிய வடிமுடிச்சுகளுக்கு, அதாவது இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் உருண்டைகளுக்குப் போகும் சிறு தமனிகளின் அமைப்பும் இதேதான். இவ்விரண்டையும் ஒரே வகையாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற கருத்தை 2009-இல் முன்வைத்தவர், ஜப்பானில் செண்டாய் நகரிலுள்ள தோஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சதயோஷி இத்தோ. உயிர் காக்கும் திசுக்களுக்கு எந்த நெருக்கடியிலும் இரத்தம் குறையாதிருக்க ஏற்பட்ட அமைப்பு இது என்றும், பிரஷர் பல ஆண்டுகள் கூடுதலாக இருக்கும் இக்காலத்து உடலில் அதே அமைப்பே முதலில் அடிபடுகிறது என்றும் அவர் விளக்கினார். படித்த அன்று இரவு, அப்பாவின் படத்தில் அந்த மூன்று அடைப்புகளும் எங்கே இருந்தன என்று எடுத்துப் பார்த்தேன். மூன்றும் அந்த நேரடித் தமனிகள் போகும் இடங்களிலேயே இருந்தன.

அந்தச் சிறுநீரகத் தமனிகள் சேதமானால் வடிமுடிச்சுகள் ஓட்டையாகி, இரத்தத்தில் இருக்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறது. மூளைக்குள் இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அதே வகைக் குழாய்கள் சிறுநீரகத்தில் படும் பாட்டைச் சிறுநீரிலேயே பார்க்கலாம். லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் 1827-இல் எழுதிய காலத்தில் இதற்கு ஆய்வுக்கூடம்கூடத் தேவைப்படவில்லை. நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார்கள். முட்டையின் வெள்ளைக்கரு வேகுவதுபோல் அது வெளுத்துத் திரண்டால் அல்புமின் இருக்கிறது என்று பொருள். அப்படித் திரண்ட நோயாளிகளில் பலர் தலைவலியும் வலிப்பும் மூளை இரத்தக்கசிவும் கண்டு முடிந்துபோனதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவத்தின் கண்ணில் பட்ட தொடர்பு இது.

எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில் பழைய அறிக்கைகளைத் தேடியபோது, பதினோரு ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஒரு முழு உடல் பரிசோதனைத் தாள் கிடைத்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 1.1. அதற்கு இரண்டு வரி கீழே, சிறுநீரில் அல்புமின் என்ற இடத்தில் ஒற்றைக் கூட்டல் குறி. அப்போது பார்த்த மருத்துவர் கிரியாட்டினினைப் பேனாவால் வட்டமிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். நாங்களும் நிம்மதியாக வந்து அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டோம். கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அல்புமின் கசியத் தொடங்கலாம் என்பதையும், சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ அல்புமின் மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து வந்தால் அதுவே நாள்பட்ட சிறுநீரக நோய்க்குப் போதிய அடையாளம் என்பதையும் அன்று யாராவது சொல்லியிருந்தால், பதினோரு ஆண்டுகள் எங்கள் கையில் இருந்திருக்கும்.

பக்கவாதத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து, மொத்தம் 2.8 லட்சம் பேரின் தரவுகளைப் பார்த்த ஓர் அலசல் 2010-இல் வெளியானது. சிறுநீரக வடிதிறன் (நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்ற அளவு) 60-க்குக் கீழே இறங்கியவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு 43 விழுக்காடு கூடுதல் என்று அது கண்டது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அது பல மடங்கு. இதில் ஒரு நியாயமான கேள்வி எழும்: பிரஷரும் சுகரும் இரண்டு உறுப்புகளையும் தனித்தனியே கெடுக்கின்றன, அப்படியிருக்க, மூளையில் நடந்ததற்குச் சிறுநீரகத்தை ஏன் குற்றம் சொல்ல வேண்டும்? முதல் பாதி உண்மை. ஆனால் சிறுநீரகம் தளர்ந்த பிறகு, அந்தத் தளர்ச்சியே தன் பங்குக்குப் புதிய கேடுகளைச் சேர்க்கிறது.

அவற்றில் ஒன்றை நான் கண்ணால் பார்த்தேன். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா போடுவதற்கு முன் அப்பாவின் முன்கையை எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். எலும்புகளுக்குப் பக்கத்தில், மணிக்கட்டை நோக்கி இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள் தண்டவாளம்போல் போயின. எலும்பில் ஏதோ கீறல் என்று நினைத்து டெக்னீஷியனிடம் கேட்டேன். “அது எலும்பு இல்லக்கா, ரத்தக்குழாய். சுண்ணாம்பு படிஞ்சிருக்கு” என்றார். சாதாரணமாக எக்ஸ்ரேயில் தமனி தெரியவே கூடாது. சிறுநீரகத்தால் பாஸ்பேட்டை வெளியேற்ற முடியாமல் போகும்போது, தமனிச் சுவரின் நடு அடுக்கிலுள்ள தசைச் செல்கள் எலும்புச் செல்களைப்போல் நடந்துகொண்டு கால்சியத்தைப் படியவைக்கின்றன. இதைத் தடுத்துவந்த குளோத்தோ என்ற புரதம் பெருமளவில் சிறுநீரகத்திலேயே உருவாவது. சிறுநீரகம் தேயத் தேய அதுவும் குறைகிறது. 1997-இல் மகோட்டோ குரோ-ஓவின் குழு இந்த மரபணு பழுதடைந்த எலிகளைப் பற்றி எழுதியது. பிறந்து சில வாரங்களிலேயே அவற்றுக்கு முதுமையின் அடையாளங்கள் வந்தன, இரத்தக்குழாய்கள் சுண்ணாம்பேறின. இறுகிப்போன தமனி, நாடித்துடிப்பின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளாமல் அப்படியே முன்னே தள்ளிவிடுகிறது. மூளையின் மெல்லிய தமனிகள் ஒவ்வொரு துடிப்பிலும் அந்த அடியை வாங்குகின்றன.

இரத்தத்தில் தங்கிவிடும் நச்சுகளும் இருக்கின்றன. நாம் சாப்பிடும் புரதத்திலுள்ள டிரிப்டோஃபேனைக் குடல் பாக்டீரியா சிதைப்பதிலிருந்து இண்டாக்சில் சல்ஃபேட் என்ற பொருள் உருவாகிறது. நல்ல சிறுநீரகம் அதைச் சிரமமின்றி வெளியேற்றிவிடும். டயாலிசிஸால் அதைப் போதிய அளவு எடுக்க முடிவதில்லை, ஏனெனில் அது இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வடிகட்டியைத் தாண்டாமல் நின்றுவிடுகிறது. அது இரத்தக்குழாயின் உட்சுவரை அழற்சியுறச் செய்வதாகவும், மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தளர்த்துவதாகவும் விலங்காய்வுகள் காட்டியிருக்கின்றன. இவற்றோடு, தட்டணுக்கள் சரியாக வேலை செய்யாததால் இரத்தம் கசியும் போக்கும், உறைந்து அடைக்கும் போக்கும் ஒரே உடலில் சேர்ந்து வருகின்றன. அப்பாவின் படத்தில் அடைப்பும் கசிவும் அருகருகே இருந்ததில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

ஹீமோகுளோபின் விஷயத்தில் நான் செய்த தவறொன்றையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அது 10.4-இல் நின்றது. இரத்தம் ஊறுவதற்குப் போடும் ஊசியைக் கூட்டிப் போட்டு 13-க்குக் கொண்டுவந்தால் மூளைக்கு நன்றாக ஆக்சிஜன் போகுமே, ஏன் கஞ்சத்தனம் செய்கிறார்கள் என்று சிறுநீரக மருத்துவரிடம் குரலை உயர்த்திக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படாமல் 2009-இல் வந்த டிரீட் ஆய்வைப் பற்றிச் சொன்னார். சுகரும் சிறுநீரக நோயும் சோகையும் சேர்ந்து இருந்த, டயாலிசிஸ் தொடங்காத 4,038 பேரில் பாதிப்பேருக்கு அதே வகையைச் சேர்ந்த டார்பெபோயிட்டின் ஊசி போட்டு ஹீமோகுளோபினை 13-ஐ நோக்கி உயர்த்தினார்கள். அந்தப் பக்கத்தில் 101 பேருக்குப் பக்கவாதம் வந்தது, மறுபக்கத்தில் 53 பேருக்கு. “அப்பாவுக்கு ஏற்கெனவே குழாய் சரியில்ல. நாம ரிஸ்க் எடுக்கக் கூடாது” என்றார். அறைக்கு வெளியே வந்த பிறகுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

டயாலிசிஸ் மூளைக்கு என்ன செய்கிறது என்பது எழுதுவதற்கே எனக்குச் சங்கடமான பகுதி. அதனால்தான் அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை ஒரு நிமிடமும் மறக்காமல்தான் எழுதுகிறேன். உடல் இரண்டு மூன்று நாட்களில் சேர்த்து வைத்த நீரை நான்கு மணி நேரத்தில் எடுக்கும்போது பிரஷர் இறங்குகிறது. நல்ல மூளைத் தமனிகள் பிரஷர் இறங்கினால் விரிந்து கொடுத்து ஓட்டத்தைச் சமன் செய்துவிடும். சுண்ணாம்பேறி இறுகிய தமனிகளுக்கு அது கைவருவதில்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் 65 வயதைத் தாண்டிய 12 நோயாளிகளை டயாலிசிஸின்போதே இரத்த ஓட்டத்தை அளக்கும் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், மூளைக்குப் போகும் இரத்தம் சராசரியாக 10 விழுக்காடு குறைந்திருந்தது. 2018-இல் வெளியான முடிவு அது. ஓட்டம் கடைசியாகச் சென்று சேரும் வெண்பொருள்தான் இதில் முதலில் வாடுவது. டயாலிசிஸ் இயந்திரத்தில் ஓடும் திரவத்தின் வெப்பத்தை உடல் வெப்பத்தைவிட அரை டிகிரி குறைத்து வைத்தால் வெண்பொருள் சிதைவு தடுக்கப்படுகிறது என்று 73 பேரிடம் நடத்திய பிரிட்டன் ஆய்வு 2015-இல் நம்பிக்கை அளித்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 15,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2022-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், குளிர்ந்த திரவம் மாரடைப்பையோ பக்கவாதத்தையோ அவற்றால் நேரும் சாவையோ குறைக்கவில்லை. நோயாளிகளுக்குக் குளிர்தான் அதிகமாக இருந்தது. ஆகவே அதை ஒரு தீர்வாகப் பிடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு தடவையில் எடுக்க வேண்டிய நீரைக் குறைப்பது, அதற்காக உப்பைக் குறைப்பது என்ற பழைய வழியே உறுதியானதாகத் தெரிகிறது.

இனி, நாங்கள் அப்பாவுக்கு இழைத்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்று பாட்டிலில் அளந்து வைத்த தண்ணீரைப் பதினொரு மணிக்குள் குடித்துவிட்டு மறுபடி சொம்பை எடுப்பார். உணவிலுள்ள பாஸ்பேட் உடலில் சேராமல் தடுக்க, சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டிய பாஸ்பேட் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, சாப்பிடும்போது விட்டுவிடுவார். காலையில் சட்டையை எடுத்து வைத்துவிட்டுப் பொத்தான் போடாமல் வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் இதையெல்லாம் அடம் என்றோம், சின்னப் பிள்ளைபோல் என்றோம். அம்மா அழுதார். நான் ஒருமுறை சொம்பைக் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறேன். அவருடைய நினைவு நன்றாக இருந்ததுதான் எங்களை ஏமாற்றியது. 1978-இல் முதல் சம்பளம் எவ்வளவு, அதில் யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்பதைப் பைசா சுத்தமாகச் சொல்வார். நினைவு இருப்பவருக்கு மூளையில் கோளாறு என்று யார் நினைப்பார்கள்?

சிறு தமனிகள் கெடும்போது முதலில் அடிபடுவது நினைவு அல்ல என்பதை நரம்பியல் மருத்துவர் வைத்த சோதனையில்தான் பார்த்தேன். மூன்று சொற்களைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டார், அப்பா மூன்றையும் சொன்னார். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். வட்டம் நேர்த்தியாக வந்தது, எண்கள் எல்லாம் வலது பாதியிலேயே நெருக்கியடித்துக்கொண்டன, முட்களை எங்கே போடுவது என்று தெரியாமல் பென்சில் காகிதத்தின் மேல் நின்றது. ஒன்று, அ, இரண்டு, ஆ என்று எண்ணையும் எழுத்தையும் மாறி மாறிக் கோட்டால் இணைக்கும் தாளில், மூன்றாவது புள்ளிக்கு மேல் போக முடியவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டமிடுவது, ஒன்றை நிறுத்தி மற்றொன்றுக்கு மாறுவது, கையை அடக்குவது ஆகிய வேலைகளுக்கு மூளையின் முன்பகுதியும் ஆழப்பகுதியும் வெண்பொருளின் நீண்ட இழைகளால் இணைந்திருக்க வேண்டும். அந்த இழைகள் இற்றுப்போனவரிடம்தான் நாங்கள் ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கவில்லை என்று சண்டை பிடித்திருக்கிறோம். அமெரிக்காவின் மினசோட்டாவில் 55 வயதைத் தாண்டிய 338 டயாலிசிஸ் நோயாளிகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. அவர்களில் சிந்தனைத் திறன் முழுமையாக இருந்தவர்கள் 13 விழுக்காடு மட்டுமே, ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கடுமையான குறைபாடு இருந்தது. ஆனால் மருத்துவக் குறிப்பேட்டில் அந்தக் குறை பதிவாகியிருந்தவர்கள் 3 விழுக்காடுகூட இல்லை. எடையும் பிரஷரும் ஒவ்வொரு முறையும் எழுதப்படுகின்றன, மனம் எழுதப்படுவதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் மாறியிருக்கின்றன. மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து, பாஸ்பேட் மாத்திரையைத் தட்டின் ஓரத்திலேயே வைத்துவிடுகிறோம். தண்ணீரை இருநூறு மில்லி வீதம் ஐந்து சிறு பாட்டில்களில் வேளைக்கு ஒன்றாகக் கொடுக்கிறோம். அவர் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டிய அவசியமே வராமல் பார்த்துக்கொள்வதுதான் நோக்கம். வங்கிப் படிவம், மருத்துவச் சம்மதம் போன்றவற்றை டயாலிசிஸ் முடிந்த கையோடு அவர் முன் நீட்டுவதில்லை, மறுநாள் காலை காப்பிக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பேசுகிறோம். பிரஷரை வீட்டிலேயே பார்த்து எழுதுகிறோம். மேல் அளவை 120-க்குக் கீழே வைத்தவர்களின் மூளையில் வெண்பொருள் சிதைவு மெதுவாகவே கூடியதாகவும், லேசான அறிவுத்திறன் குறைபாடு குறைவாகவே வந்ததாகவும் பிரஷரை எவ்வளவு குறைப்பது நல்லது என்று பார்த்த ஸ்பிரிண்ட் ஆய்வின் 2019 முடிவுகள் காட்டின. டயாலிசிஸ் நோயாளிகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, ஆகவே அந்த எண்ணை அப்பாவுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்று மருத்துவர் எச்சரித்தார். கொழுப்பு மாத்திரையும் அப்படித்தான், சிறுநீரகம் இன்னும் ஓரளவு இயங்கும்போதே தொடங்கியவர்களுக்குப் பயன் தெளிவாக இருக்கிறது, டயாலிசிஸுக்கு வந்தபின் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அவ்வளவு தெளிவாக இல்லை. படிக்கப் படிக்க, உதவக்கூடிய ஒவ்வொன்றும் முன்னதாக, அந்த ஒற்றைக் கூட்டல் குறி வந்த காலத்தில் தொடங்கியிருக்க வேண்டியதாகவே இருந்தது.

அதனால் தைப்பொங்கலுக்கு வந்திருந்த தம்பியை விடவில்லை. அவனுக்கு நாற்பத்திரண்டு வயது, நான்கு ஆண்டுகளாகச் சுகர். காலையில் முதல் சிறுநீரைக் கொடுக்கச் சொன்னேன். கிரியாட்டினின் 0.9, அல்புமின் விகிதம் 64. “கிரியாட்டினின் நல்லாத்தானே இருக்கு, எதுக்குக்கா பயப்படறே?” என்று சிரித்தான். அலமாரியிலிருந்து அப்பாவின் பழைய தாளை எடுத்து, வட்டமிட்ட எண்ணையும் அதன் கீழே இருந்த குறியையும் காட்டினேன். பேசாமல் வாங்கிப் பார்த்தான். ஒரு முடிவை மட்டும் வைத்து உறுதி செய்ய முடியாது என்பதால் சித்திரையில் மறுபடி எடுத்தோம், 71 வந்தது. பிரஷருக்கும் அல்புமின் கசிவுக்கும் சேர்த்து மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் நோட்டில் எடைகளை இன்னும் அப்பாதான் எழுதுகிறார். கழித்தலை நான் போட்டுக் காட்டுகிறேன், அவர் விரலை வைத்துச் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறார்.